கழலாத திருகாணி

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்வோர்க்கு வீட்டுச் சாமான்களைக் கழற்றுவதும் பூட்டுவதும் பழகிப்போன வேலை. மாற்றல் உத்தரவு வந்ததும் கட்டிலைக் கழற்றுகிறோம், அலமாரியைப் பிரிக்கிறோம், மின்விசிறியை இறக்குகிறோம். புதிய ஊருக்குப் போய் அவற்றை மீண்டும் பூட்டுகிறோம். இவ்வேலையில் எவரும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீரும் இடையூறு ஒன்று உண்டு. எவ்வளவு திருகினாலும் அசையாத திருகாணி. திருப்புளி வழுக்கி வழுக்கித் தலை சிதைந்துபோன திருகாணி. தலை முறிந்து உடல் மட்டும் துளைக்குள் தங்கிவிட்ட திருகாணி. இவற்றை வெளியேற்றும் வழியைப் பற்றி இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

இதைச் சொல்ல நமக்குள்ள தகுதி தொழிலறிவு அன்று. நாம் கலைப்பாடம் பயின்று பட்டம் பெற்றவர்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்கள். ஆங்கிலேயர் ஸ்குரூ என்பதற்குத் திருகாணி, திருகு, மரையாணி எனத் தமிழில் மூன்று பெயர் உண்டென்பதும், அதன் உடலைச் சுற்றிச் செல்லும் வரையை மரை என்றும் புரி என்றும் சொல்லலாம் என்பதும் நமக்குத் தெரியும். அறிவு சற்றுத் தடுமாறியவரை நம்மவர் ‘மரை கழன்றவர்’ என்பது போலவே மலையாளத்தார் ‘பிரி இளகியவர்’ என்பர் என்பதையும் கொச்சிக்கு வந்த பின் அறிந்துகொண்டோம். இத்தனையும் அறிந்த நாம் ஒரே ஒரு திருகாணியைக் கெடுத்த வரலாறுதான் இப்பேச்சு.

நாம் குடியிருப்பது திருப்பூணித்துறையில். கொச்சி அரசர்கள் வாழ்ந்த ஊர் அது. பூர்ணத்ரயீசர் கோயிலும் மலை மாளிகையும் உள்ள அவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாகவே உண்டு. தந்தையார் மறைந்த பின், 74 வயதான நம் அன்னையாரை ஊரிலிருந்து அழைத்து வந்தோம். அவர் தம்முடன் கொண்டுவந்தவை ஒரு பெட்டியும் ஒரு தையல் இயந்திரமுமே.

அவருக்கு மலையாளம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் திரைப்படத்தில் கேட்ட அளவே தெரியும். முதல் மாதம் சன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகொரு நாள், அடுத்த வீட்டுச் சிறுமியின் பள்ளிப் பை வார் அறுந்து தொங்கக் கண்டு, கைகாட்டி அழைத்துத் தைத்துக் கொடுத்தார். மறுநாள் அச்சிறுமியின் பாட்டி ஒரு தலையணை உறையுடன் வந்தார். அதற்கடுத்த நாள் இன்னொருவர் வந்தார். தைப்பது முடியும் வரை அவர்கள் அமர்ந்திருப்பர். ஒருவர் மலையாளத்தில் பேசுவார், மற்றவர் தமிழில் விடை சொல்வார், இருவரும் சிரிப்பர். மொழிபெயர்ப்பாளராகிய நாம் அந்த அறையில் தேவைப்படவே இல்லை.

கொச்சிக் காற்று ஈரமும் உப்பும் கலந்தது. நான்கு மழைக்காலம் கடந்ததும் இயந்திரம் அடிக்கடி நூலைச் சிக்கவிடத் தொடங்கியது. ஊசித்தட்டின் அடியில் பஞ்சும் நூல் துணுக்கும் அடைந்திருந்தன. தட்டைப் பிடித்திருந்தவை இரண்டு சிறு திருகாணிகள். ஒன்று எளிதாகக் கழன்றது. மற்றது அசையவில்லை.

“ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வை, அப்பா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் அன்னையார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை என்றால் அலுவலகம். பழைய காலத்து யோசனை என்று எண்ணிச் சிரித்தோம். கையிலிருந்த திருப்புளியின் வாய் அத்திருகாணியின் வெட்டைவிட மெலிந்தது. அது வழுக்கியதும் அடுக்களைக் கத்தியை எடுத்தோம். கத்தியின் முனை முறிந்தது. வெட்டின் இரு கரையும் மழுங்கி, திருகாணியின் தலை தேய்ந்த பொத்தான் போலாயிற்று.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, திருகாணி ஏன் இறுகுகிறது என்பதைப் பார்ப்போம்.

திருகாணி என்பது உண்மையில் உருளையின் மேல் சுற்றப்பட்ட சரிவுப்பாதை. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதால் வண்டி எளிதாக மேலே செல்வது போல, மரையின் சரிவினால் சிறு முயற்சி பெரும் அழுத்தமாக மாறுகிறது. இறுகிய பின் அது கழலாமல் நிற்பது மரைகளுக்கிடையே உள்ள உராய்வினால். இந்த உராய்வு அளவோடு இருக்கும் வரை நமக்கு நன்மை. துரு ஏறினால் அளவு மீறிவிடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருமன் கொள்கிறது. மரைகளுக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை அடைத்துக்கொண்டு ஆப்புப் போல இறுக்குகிறது. பித்தளையிலோ அலுமினியத்திலோ இரும்புத் திருகாணியை முடுக்கி, அதன்மேல் உப்பு ஈரமும் பட்டால், இரு உலோகங்களுக்கிடையே மின்கலத்தில் நிகழ்வது போன்ற மாற்றம் நிகழ்ந்து அரிப்பு விரைவுபடும். கடற்கரை ஊர்களில் வாழ்வோர் இதைச் சாளரக் கொக்கிகளிலேயே காணலாம்.

தலை சிதைவது வேறு காரணத்தால். திருப்புளி வெட்டுக்குள் முழுதும் பொருந்தி நின்றால் விசை அதன் சுவர் முழுவதும் பரவுகிறது. பொருந்தாவிடில் இரண்டு மூலைகளில் மட்டுமே தங்கி அவற்றைச் சுரண்டிவிடுகிறது. ஒற்றை வெட்டுத் தலையில் திருப்புளி பக்கவாட்டில் நழுவும் என்பதால்தான் கனடாவில் ராபர்ட்சன் என்பவர் 1908ஆம் ஆண்டு சதுரக் குழித் தலையை அமைத்தார். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936ஆம் ஆண்டு சிலுவைக் குழித் தலைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று நாம் ‘ஸ்டார்’ என்று வழங்குவது. அக்குழியின் சுவர்கள் சரிவானவை. ஆதலால் விசை மிகும்போது திருப்புளி மேலெழும்பி வெளியே வந்துவிடும். அழுத்திப் பிடிக்காமல் திருகினால் குழியைக் கடைந்துவிடுவது இதனால்தான். ஜப்பானிய இயந்திரங்களில் உள்ள சிலுவைக் குழி பார்வைக்கு இதைப் போன்றதே எனினும் அமைப்பில் சிறிது வேறு. அதில் சாதாரண ஸ்டார் திருப்புளியை இட்டுத் தலையைக் கெடுத்துக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர் பலர்.

மரையின் அளவும் ஒன்றன்று. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டை ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே திருகாணி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன் கையால் வெட்டிய காலத்தில், ஒரு திருகாணிக்கு அதனுடன் செய்த நட்டு மட்டுமே பொருந்தும். அவருடைய பட்டறையில் பயின்ற ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டு 55 பாகைக் கோணமுள்ள மரையைப் பொது அளவாக முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையை முன்வைத்தார். நம் நாட்டில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. சென்னையின் பாடியில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966ஆம் ஆண்டு முதல் திருகாணிகளும் போல்ட்டுகளும் செய்து வருகிறது. ஆயினும் பழைய இயந்திரங்கள் தம் பழைய அங்குல மரையை விடுவதில்லை. தையல் இயந்திரங்களுக்கோ பெரும்பாலும் தமக்கே உரிய மரையளவு உண்டு. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு திருகாணியை அதில் முடுக்கினால் துளையின் மரையும் கெடும். ஆகவே பழையதைப் பழுதின்றி எடுப்பது அங்கே மிகவும் அவசியம்.

இனி எடுக்கும் முறை. இதில் வரிசை முக்கியம். எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்ல வேண்டும்.

முதலாவது, திருப்புளி முதல் தடவை வழுக்கியதுமே கையை நிறுத்துவது. அப்போது சேதம் சிறிது. பத்தாவது தடவையில்தான் தலை முழுதும் போகிறது. எப்பக்கம் திருகினால் கழலும் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மரைகள் இடப்பக்கம் திருகினால் கழலும். மிதிவண்டியின் இடது மிதிகட்டை போன்ற சிலவற்றுக்கு மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டிருக்கும். அதை அறியாது பலம் காட்டுவோர் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பர்.

இரண்டாவது, வெட்டிலுள்ள அழுக்கையும் வண்ணப்பூச்சையும் ஊசியால் சுரண்டிவிட்டு, சரியாகப் பொருந்தும் திருப்புளியைத் தேர்ந்து, நேர்குத்தாக நிறுத்தி, உடற்பாரம் முழுவதையும் அதன்மேல் அழுத்தித் திருகுவது. திருகும் விசையைவிட அழுத்தும் விசை அதிகமாக இருக்க வேண்டும். குழி சற்றே தேய்ந்திருந்தால் அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை நடுவே வைத்து அழுத்துவதும் சில வேளை பலன் தரும்.

மூன்றாவது, எண்ணெய். மரைக்குள் ஊடுருவிச் செல்லும் மெல்லிய எண்ணெய் கடைகளில் குப்பியில் கிடைக்கிறது. முற்காலத்தில் மண்ணெண்ணெயே அவ்வேலையைச் செய்தது. விட்டதும் பலனை எதிர்பார்க்கலாகாது. ஓர் இரவேனும் ஊற வேண்டும். இடையிடையே சிறு சுத்தியலால் தலைமேல் மெல்லத் தட்டினால் துருவின் பிடி விண்டு, எண்ணெய் உள்ளே செல்ல வழி உண்டாகும்.

நான்காவது, வெப்பம். சூடேறிய உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், அந்த அசைவில் துரு பிளக்கும். சிறு திருகாணிக்குப் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் முனையைத் தலைமேல் சிறிது நேரம் வைத்தாலே போதும். மரைக்குப் பசை இட்டிருந்தாலும் சூட்டில் இளகும். எண்ணெய் ஊறிய இடத்திலும் பெட்ரோல் தொட்டியின் அருகிலும் நெருப்பைக் காட்டலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, கழற்றுவதற்கு முன் இறுக்கும் பக்கமாகவே ஒரு மயிரிழை திருகிப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக அசைத்தால் அசைவு சிறுகச் சிறுகப் பெருகும்.

ஐந்தாவது, தலை போய்விட்டால் புதிய பிடி உண்டாக்குவது. ஆக்சா பிளேடால் தலைக்குக் குறுக்கே புதிய வெட்டு ஒன்றை அறுக்கலாம். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இறுகப் பூட்டிக்கொள்ளும் குறட்டால் பற்றித் திருகலாம். முறிந்த பெரிய போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்த நட்டைத் திருகி எடுப்பது பட்டறைகளில் வழக்கம். அந்த வெல்டிங்கின் சூடும் துருவைத் தளர்த்த உதவுகிறது.

இவை எல்லாம் தோற்ற பிறகு வருவது ஆறாவது முறை. பட்டறைக்காரர் ‘ஈஸி அவுட்’ என்று அழைக்கும் கருவி அதற்கு உரியது. நுனி குறுகி அடி பருத்த சிறு எஃகுக் கோல் அது. அதன் உடலில் இடப்பக்கமாகச் சுற்றிய மரை உண்டு. திருகாணியின் நடுவில் டிரில் பிட்டால் துளையிட்டு, அத்துளைக்குள் இக்கோலை இட்டு இடப்பக்கம் திருகினால், கோல் திருகாணியைக் கடித்துக்கொண்டே உள்ளே செல்லும். திருகாணியோ அதே இடப்பக்கச் சுற்றில் கழன்று வெளியே வரும். ஒரே அசைவு ஒன்றைப் பிடிக்கவும் மற்றொன்றை விடுவிக்கவும் செய்யும் இந்த ஏற்பாடு, எண்ணிப் பார்த்தால், மிக அழகியது.

ஆனால் அதன் பெயரை நம்பலாகாது. ‘எளிதில் வெளியே’ என்று பொருள்படும் அப்பெயரை மொழிபெயர்க்கும் வேலை நமக்கு வந்திருந்தால், ‘எளிதில்’ என்னும் சொல்லை நீக்கியிருப்போம். துளை சரியாக நடுவில் அமைய வேண்டும். அதற்கு முன் சென்டர் பஞ்சினால் புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். துளை சாய்ந்தால் பக்கத்து மரையை அறுத்துவிடும். கோலைக் கைப்பிடியால், கையின் உணர்வோடு திருக வேண்டுமேயன்றி மின்சாரத் துளைப்பான் கொண்டு திருகலாகாது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. திருகாணியைக் கடிக்கும் உறுதி வேண்டும் என்பதற்காக அக்கோல் மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டுள்ளது. கடினமானது வளையாது; முறியும். அது உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது. ஆப்புப் போன்ற அதன் வடிவம் திருகாணியை வெளிப்புறமாக விரித்து, முன்னிலும் இறுக்கிவிடுவதும் உண்டு. சிறிய திருகாணிக்குச் சிறிய கோல். சிறிய கோலோ எளிதில் முறியும்.

இவ்வளவும் பின்னால் அறிந்தவை. இப்போது நம் கதைக்குத் திரும்புவோம்.

கத்தி முறிந்த மறுநாள் மாலை கடையொன்றில் ஈஸி அவுட் தொகுதி வாங்கி வந்தோம். அன்னையார் எதுவும் சொல்லவில்லை. நான்கு மில்லிமீட்டரும் இல்லாத திருகாணியின் நடுவில் மெல்லிய துளை இட்டோம். அது அடிவரை ஊடுருவிச் சென்றது. அத்தொகுதியில் மிகச் சிறிய கோலை மின்சாரத் துளைப்பானிலேயே மாட்டி, எதிர்ப்பக்கம் ஓடவிட்டோம். ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது. கோலின் பாதி நம் கையில். மற்றப் பாதி திருகாணிக்குள்.

அதன்பின் 18 நாள் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் இருந்தது. பழுது பார்க்கும் கடையொன்றில், இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்றனர். அவர்கள் சொன்னது கணக்கின்படி சரியாகவும் இருக்கலாம். புதியது வாங்கித் தருவதாக அன்னையாரிடம் சொன்னோம், “பார்க்கலாம்” என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு துணியுடன் வந்து, மூடிய இயந்திரத்தைக் கண்டு, சற்று நேரம் நின்று, சிரித்துவிட்டுப் போனார். துணி இல்லாமல் வர அவருக்கும் கூச்சம்; அழைக்க இவருக்கும் சொல் இல்லை. அன்னையார் மீண்டும் சன்னலருகே போய் உட்கார்ந்தார்.

ஐஎன்எஸ் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டி 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்ப்பித்த நகரம் கொச்சி. அந்நகரில் ஒரு கடுகளவு இரும்பை எடுக்க ஆள் இல்லாமலா போகும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, மட்டாஞ்சேரியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரைக் காட்டினார். இயந்திரத்தின் தலைப்பகுதியைப் போர்வையில் சுற்றிச் சுமந்துகொண்டு அங்கே போனோம்.

உப்புநீரில் ஊறிய போல்ட்டுகளுடன் வாழ்நாளைக் கழித்தவர் அவர். நாம் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். கத்தியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையைச் சற்று அசைத்தார். பிறகு இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். திருகாணித் துளை அடிப்பக்கமும் திறந்திருந்தது. நாம் இட்ட துளை வழியே மெல்லிய ஊசிப் பஞ்ச் ஒன்றை அடியிலிருந்து செலுத்தி, இரண்டு தட்டுத் தட்டினார். முறிந்த கோல் வந்த வழியே நழுவி விழுந்தது. ஆப்பு வடிவம் அன்றோ அது? உள்ளே செல்லச் செல்ல இறுகும் ஆப்பு, நுனியிலிருந்து தள்ளினால் தானே விடுபடும். மேலிருந்து போராடிய நமக்கு அடியிலிருந்து பார்க்கத் தோன்றவில்லை.

திருகாணி இன்னும் உள்ளேதான் இருந்தது. இனி முறுக்கி எடுத்துவிடுவார் என்று காத்து நின்றோம். அவரோ சில சொட்டு எண்ணெய் விட்டு, இயந்திரத்தை ஒரு பலகைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பலம் வேண்டா ஸாரே, க்ஷம மதி” என்றார்.

பலம் வேண்டாம், பொறுமை போதும் என்பது பொருள். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். முன்பு சிரித்தது நினைவுக்கு வந்தது, இம்முறை சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் நம் கண்ணெதிரே வேலையை முடித்தார். சுற்றிலும் ஊறிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, திருகாணித் தலையைச் சூட்டுக்கோலால் சூடாக்கி ஆறவிட்டார். பிறகு இடச்சுற்றாக வெட்டப்பட்ட டிரில் பிட் ஒன்றைக் கைத்துளைப்பானில் பொருத்தி, மெல்ல இடப்பக்கமாகச் சுற்றினார். சாதாரண பிட் வலப்பக்கம் சுற்றித் துளைப்பதால் திருகாணியை இறுக்கவே முயலும். இடச்சுற்றுப் பிட்டோ துளைக்கும் அதே சுற்றில் அதைக் கழற்றவும் தூண்டும். பல வேளைகளில் ஈஸி அவுட்டே தேவைப்படாது என்றார். அவ்வாறே ஆயிற்று. நான்கைந்து சுற்றில் பிட் திருகாணியைக் கவ்வியது. திருகாணி அதனுடன் சுற்றிக்கொண்டு, துளையிலிருந்து மேலே எழுந்து வந்தது. பழைய இயந்திரங்களின் உதிரிகள் கிடந்த தகரடப்பாவிலிருந்து அதே மரையுள்ள வேறு திருகாணியைத் தேடி எடுத்து, அதன் மரையில் துளி கிரீஸ் தடவி, விரலாலேயே முடுக்கிப் பார்த்த பின் திருப்புளியை எடுத்தார்.

எல்லாக் கோளாறும் இவ்வளவு எளிதாகத் தீராது. துளை அடிவரை திறந்திருந்தது நம் நற்பேறு. மூடிய துளையில் ஈஸி அவுட் முறிந்தால், பெரிய பட்டறைகளில் மின்பொறியைக் கொண்டு அரித்து எடுக்கின்றனர். அம்முறையின் பிறப்பும் சுவையானது. சோவியத் நாட்டில் போரிஸ் லசரென்கோ, நட்டாலியா லசரென்கோ என்னும் விஞ்ஞானத் தம்பதியர், மின்தொடர்பு முனைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க முயன்றுகொண்டிருந்தனர். தடுக்க முடியாத அந்த அரிப்பையே 1943ஆம் ஆண்டு கருவியாக மாற்றினர். எவ்வளவு கடினமான எஃகாயினும் மின்பொறி அதைத் துளித்துளியாகத் தின்றுவிடும். துளையின் மரையே அழிந்துவிட்டால், அதைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, சுருள்கம்பியாலான உள்மரையைப் பொருத்துவதும் உண்டு.

கழலாத திருகாணி நம்மைப் போன்றோர்க்கு மட்டும் வருவதன்று. 2009ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், விண்வெளியில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மைக் மாசிமினோ என்பவருக்கும் இதே கதி நேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சிறு திருகாணிகளைக் கழற்ற ஆயத்தமாக வந்தவரை, அதற்கு முன்பே கழற்ற வேண்டியிருந்த ஒரு கைப்பிடியின் திருகாணி தலை சிதைந்து நிறுத்திவிட்டது. பூமியிலிருந்த பொறியாளர்கள் அதே போன்ற கைப்பிடி ஒன்றை இழுத்துப் பார்த்து, எவ்வளவு விசையில் அது முறியும் என்று அளந்து சொன்ன பின்னரே, துணுக்குகள் சிதறாதபடி நாடா ஒட்டி, அவர் அதைப் பிடுங்கினார். அங்கே பலம்தான் வென்றது. ஆனால் அளந்து பார்த்த பலம்.

பென்னு என்னும் சிறுகோளின் மண் 2023 செப்டம்பர் 24ஆம் நாள் ஒரு பேழையில் பூமிக்கு வந்து சேர்ந்தது. அதைத் தாங்கிய கலத்தைப் பூட்டியிருந்த 35 திருகாணிகளில் 33 கழன்றன; இரண்டு மறுத்தன. மாசு படியாத கண்ணாடி அறைக்குள், அனுமதிக்கப்பட்ட கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி. பல நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள மண்ணை ஒரு முரட்டு முறுக்கினால் கெடுத்துவிட அவர்கள் துணியவில்லை. அதற்கென்றே புதிய கருவிகள் செய்து, ஒத்திகை பார்த்து, 2024 ஜனவரியில்தான் அவ்விரண்டையும் கழற்றினர். இரண்டு திருகாணிக்கு ஏறத்தாழ மூன்று மாதம்! நம் 18 நாள் பெரிதன்று.

இயந்திரம் வீட்டுக்கு வந்த மாலை, அன்னையார் அதைத் துடைத்து, எண்ணெய் இட்டு, ஊசியில் நூல் கோத்தார். கிழிந்த துணி ஒன்றை ஓட்டிப் பார்த்தார். அந்த ஓசை சுவருக்கு அப்பாலும் கேட்டிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்றார். கையில் துணி ஒன்றும் இல்லை. அன்னையார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மட்டாஞ்சேரி முதியவர் சொன்ன சொல்லைப் பற்றி மொழிபெயர்ப்பாளரின் வழக்கப்படி ஒன்று குறிப்பிட்டு முடிக்கிறோம். மலையாளத்தில் ‘க்ஷம’ என்பதற்குப் பொறுமை என்றும் மன்னிப்பு என்றும் இரு பொருள் உண்டு. தமிழிலும் அவ்வாறே, காத்திருப்பதையும் ‘பொறு’ என்கிறோம், பிழையை மன்னிப்பதையும் ‘பொறுத்தருள்’ என்கிறோம். அன்று இரவு அன்னையாரிடம், முதல் நாளே உங்கள் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்றோம். அவர் தைத்துக்கொண்டே, “அந்த முனை முறிந்த கத்தி இன்னும் மேசையிலேயே கிடக்கிறது, எடுத்து அடுக்களையில் வை, அப்பா. பலாக்கொட்டை தோலுரிக்க உதவும்” என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இன்று ஏதேனும் ஒரு திருகாணி கழல மறுக்கலாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.